சென்னையின் 'உயிர்க் காலேஜ்'

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பக்கத்துப் பெரியவர்களிடம், "'உயிர்க் காலேஜ்' என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டே விடை சொல்வார்கள். சென்னை விலங்குக் காட்சிசாலைக்கு மக்கள் வைத்த பெயர் அது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் 'செத்த காலேஜ்' என்று பெயர். முன்னதில் உயிருள்ள விலங்குகள். பின்னதில் பாடம் செய்து வைத்த விலங்குகள். ஆவடியில் வண்டி ஏறி, சென்ட்ரலில் இறங்கி, மூர் மார்க்கெட்டைக் கடந்தால் உயிர்க் காலேஜுக்கு நடந்தே போய்விடலாம்.

இன்று அங்கே சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீக்கு இரையாயிற்று. அது நின்ற இடத்தில் இப்பொழுது புறநகர் மின்தொடர் வண்டிகள் வந்து நிற்கின்றன. அதே ஆண்டு ஜூலையில், காட்சிசாலை வண்டலூரில் புதிய வாழ்வு தொடங்கியது. ஆவடியை அடுத்த நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையில் ஏறும் மாணவன், இன்று நகருக்குள் நுழையாமலேயே வண்டலூரை அடைந்துவிடலாம்.

ஒரே காட்சிசாலை மூன்று இடங்களில் வாழ்ந்திருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும், விலங்குக்கும் அதைப் பார்ப்பவருக்கும் இடையே இருந்த தடுப்பு வெவ்வேறு வகையானது. அந்தத் தடுப்பு யாரைக் காக்க வைக்கப்பட்டது? இக்கேள்வியை மனத்தில் கொண்டு, நூற்றெழுபது ஆண்டுக் கால வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

அருங்காட்சியகத்துக்கு வந்த புலி

கதை ஒரு மருத்துவரிடமிருந்து தொடங்குகிறது. எட்வர்டு கிரீன் பால்பர் ஸ்காட்லாந்து நாட்டவர், 1813இல் பிறந்தவர், சென்னை இராணுவ மருத்துவப் பணிக்கு வந்தவர். காடுகளை அழித்தால் மழை வளம் குன்றும் என்று 1840களிலேயே எழுதியவர். பெண்கள் மருத்துவம் பயில வேண்டும் என்று வாதாடியவர். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1851இல் சென்னையில் அரசு அருங்காட்சியகம் தொடங்கியபோது அதன் பொறுப்பு பால்பரிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னை இலக்கியச் சங்கம் அளித்த 1,100 பாறை, கனிம மாதிரிகளே அதன் முதல் சொத்து. நுங்கம்பாக்கத்தில், செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் அது இயங்கியது. 'காலேஜ்' என்ற சொல் மக்கள் வாயில் ஒட்டிக்கொண்டதற்கு இதைக் காரணமாகச் சொல்வதுண்டு. 1854இல் அருங்காட்சியகம் எழும்பூரில் உள்ள பாந்தியன் தோட்டத்துக்கு மாறியது.

கற்களையும் எலும்புகளையும் பார்க்க எத்தனை பேர் வருவர்? பால்பருக்கு இந்தக் கவலை இருந்தது. இந்நிலையில் உயிருள்ள இளம் புலி ஒன்றும் சிறுத்தை ஒன்றும் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. அதைக் கண்ட பால்பருக்கு ஒன்று புலப்பட்டது. மக்களை அறிவியலின் வாயிலுக்கு அழைத்து வர, உயிருள்ள ஒரு புலி போதும்!

அப்போது சேப்பாக்கம் அரண்மனையில் கர்நாடக நவாபு குலாம் கௌஸ் கான் வாழ்ந்துவந்தார். அரசாளும் உரிமை முன்னரே கும்பினியாரிடம் போய்விட்டது; பட்டமும் சிறப்பும் மட்டுமே எஞ்சியிருந்தன. அவரிடம் சொந்தமாக ஒரு விலங்குத் தொகுதி இருந்தது. பால்பர் கேட்டுக்கொண்டதன்பேரில், நவாபு அதை அப்படியே அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இவ்வாறு 1855இல் பாந்தியன் தோட்டத்தில் சென்னை விலங்குக் காட்சிசாலை பிறந்தது. அதே ஆண்டு நவாபு இறந்தார். வாரிசு இல்லை எனக் கூறிக் கும்பினி ஆட்சி அந்தப் பட்டத்தையே ஒழித்தது. அரண்மனைக்குள் இருந்த விலங்குகளோ ஊர்ப் பொதுச் சொத்தாகிவிட்டன.

ஓராண்டுக்குள் பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன என 300க்கும் மேற்பட்ட உயிர்கள் அங்கே சேர்ந்தன. இந்தியாவில் பொதுமக்களுக்கெனத் தோன்றிய முதல் விலங்குக் காட்சிசாலை இதுவே என்பர். கல்கத்தாவின் அலிப்பூர்க் காட்சிசாலை 1876இல்தான் திறக்கப்பட்டது. உலகப் புகழ் பெற்ற இலண்டன் காட்சிசாலையை எடுத்துக்கொள்வோம். அது 1828இல் தொடங்கியது. ஆயினும் 1847 வரை சங்க உறுப்பினர்களுக்கும் அவர்கள் இசைவு பெற்றவர்களுக்கும் மட்டுமே அங்கு இடம். இலண்டனில் பொதுமக்கள் நுழைந்த எட்டே ஆண்டுகளில் சென்னை மக்களும் புலியைப் பார்த்துவிட்டார்கள்!

மக்கள் பூங்கா

அருங்காட்சியகத் தோட்டம் முந்நூறு உயிர்களுக்குப் போதவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், நகர மக்கள் காற்று வாங்க ஒரு பெரிய பூங்கா வேண்டும் என்று விரும்பினார். சென்ட்ரல் நிலையம் இன்று உள்ள இடத்தை ஒட்டி 116 ஏக்கர் பரப்பில், பதினொரு குளங்களுடன் 'மக்கள் பூங்கா' உருவாயிற்று. 1860களின் தொடக்கத்தில் எழும்பூர் விலங்குகள் அங்கே குடிபெயர்ந்தன. நிர்வாகம் நகராட்சி மன்றத்தின் கைக்கு வந்தது.

இந்த மாற்றத்தில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பாந்தியனில் விலங்குகள் அறிவியல் கூடம் ஒன்றின் உறுப்பாக இருந்தன. மக்கள் பூங்காவிலோ பாண்டு வாத்திய மேடையும் குளங்களும் போல, பொழுதுபோக்கின் ஓர் அங்கமாயின. இரும்புக் கம்பி, சிமெண்டுத் தரை, உள்ளே ஒரு சிறு அறை: கூண்டின் அமைப்பு இவ்வளவுதான். கழுவ எளிது, காட்ட எளிது. விலங்கு எங்கே ஒளிந்துகொள்ளும் என்று அக்காலத்தில் உலகில் எவருமே பெரிதாகக் கேட்கவில்லை.

பூங்காவும் கரையத் தொடங்கிற்று. 1880களில் விக்டோரியா பொது மண்டபம், 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை, பின்னர் விளையாட்டரங்கம் என ஒவ்வொன்றாக அந்நிலத்தில் எழுந்தன. சுற்றிலும் நகரம் நெருக்கியது. 1873இல் திறக்கப்பட்ட சென்ட்ரல் நிலையத்தின் புகையும் ஊதலோசையும் விலங்குகளின் இரவு பகல் துணையாயின.

1942: துப்பாக்கி ஒலித்த நாள்

இவ்வரலாற்றின் துயரமான பக்கத்துக்கு இப்போது வருகிறோம். 1942 ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்தது சென்னைதான் என்று எங்கும் பேச்சு. அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டு வெளியேறினர்.

மனிதர்கள் வண்டி ஏறினார்கள். கூண்டில் இருந்த சிங்கமும் புலியும் எங்கே செல்லும்? குண்டு விழுந்து கூண்டு உடைந்தால், அவை தெருவில் இறங்கிவிடும் என்ற அச்சம் எழுந்தது. கொடிய விலங்குகளைக் கொன்றுவிட ஆணை பிறந்தது. மலபார் சிறப்புக் காவல்படையினர் வந்து, சிங்கம், புலி, சிறுத்தை முதலியவற்றைக் கூண்டிலேயே சுட்டுக் கொன்றனர்.

எதிர்பார்த்த படையெடுப்பு வரவே இல்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் சென்னைக்கு மேல் வந்து சில குண்டுகளை வீசிச் சென்றது, அவ்வளவுதான்.

நம்மவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. 1939இல் போர் மூண்டவுடன் இலண்டன் காட்சிசாலையில் நச்சுப் பாம்புகளைக் கொன்றனர். யாருக்கு அஞ்சிச் சென்னை தன் சிங்கங்களைச் சுட்டதோ, அந்த ஜப்பானின் தலைநகரிலும் 1943இல் இதே கதை நடந்தது. டோக்கியோவின் உவெனோ காட்சிசாலையில் கொடிய விலங்குகளைக் கொன்றதோடு, மூன்று யானைகளைப் பட்டினி போட்டே சாகவிட்டனர். போரின் இரு பக்கத்திலும் கம்பிக் கூண்டு ஒரே பாடத்தைத்தான் கற்பித்தது. ஒரு விலங்கைக் கூண்டில் அடைத்த நாளிலிருந்து, ஓடித் தப்பும் ஆற்றலை அதனிடமிருந்து நாம் எடுத்துக்கொள்கிறோம். அதன் உயிருக்கு அன்று முதல் நாமே பொறுப்பு.

கூண்டில் என்ன குறை?

போருக்குப் பின் காட்சிசாலை மீண்டும் நிரம்பியது, கூட்டமும் பெருகியது. ஆனால் கூண்டு பழைய கூண்டே. அதில் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். வேளைக்கு உணவு கிடைக்கிறது, நோய்க்கு மருந்து கிடைக்கிறது, பகையும் இல்லை அல்லவா?

கூண்டுப் புலி ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கும், அங்கிருந்து திரும்பியும் ஓயாமல் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். யானை நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். இவை உடற்பயிற்சி அல்ல. இயற்கையில் இரை தேடவும், எல்லை காக்கவும், துணை நாடவும் அமைந்த உள்ளுந்தல், செய்ய வேலையின்றி ஒரே அசைவாகச் சுருங்கிப்போவதன் அடையாளம். இங்கிலாந்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் 2003இல் பல ஊனுண்ணிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். காட்டில் எந்த இனம் மிக விரிந்த பரப்பில் உலவுகிறதோ, அந்த இனமே அடைபட்ட வாழ்வில் மிகுதியாக இவ்வாறு நடந்தது. அதன் குட்டிகளும் மிகுதியாக இறந்தன. பனிக்கரடிக்கு நாம் தரும் அடைப்பின் பரப்பு, அது இயற்கையில் உலவும் பரப்பில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே என்று அவர்கள் கணக்கிட்டனர்.

கம்பிக்கு மாற்று ஒன்றை, இதற்கு நூறாண்டுக்கு முன்பே ஒரு செருமானியர் கண்டுபிடித்திருந்தார். ஆம்பர்க் நகரத்து விலங்கு வணிகர் கார்ல் ஆகன்பெக் என்பவரே அவர். ஒவ்வொரு விலங்கும் எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் தாவும் என்று அவர் அளந்தார். அந்த அளவைவிட அகலமான அகழியை வெட்டிவிட்டால் கம்பியே தேவையில்லை அல்லவா? 1896இல் இம்முறைக்கு உரிமம் பெற்றார். 1907இல் ஆம்பர்க்கை அடுத்த ஸ்டெல்லிங்கனில் அகழிகளோடு கூடிய விலங்குப் பூங்காவைத் திறந்தார்.

அகழியின் அமைப்பு எளியது. விலங்கு இருக்கும் பக்கம் தரை மெல்லச் சரிந்து இறங்கும். பார்வையாளர் பக்கம் செங்குத்தான உயர்ந்த சுவர் நிற்கும். சரிவில் இறங்கிய விலங்கு ஓடி வந்து தாவ இடமிராது. சுவரின் விளிம்பைச் செடிகள் மறைக்கும். சில அகழிகளில் நீர் நிறைந்திருக்கும், சில வறண்டிருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு நடுவே தடை ஏதும் தெரியாது. விலங்குக்கோ மண்ணும் மரநிழலும், வேண்டும்போது விலகிச் சென்று மறையும் வாய்ப்பும் கிடைக்கும்.

வண்டலூர்

நகர நடுவில் அகழி வெட்ட இடம் ஏது? எனவே 1970களில் காட்சிசாலையை இடம் மாற்றும் முயற்சி தொடங்கியது. சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 31 கிலோமீட்டர் தொலைவில், வண்டலூர் ஒதுக்குக் காட்டில் 510 எக்டேர் நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1979இல் பணிகள் தொடங்கின. 1985 ஜூலை 24ஆம் நாள் முதலமைச்சர் ம.கோ. இராமச்சந்திரன் பூங்காவைத் திறந்துவைத்தார். 'அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா' எனப் பெயர் சூட்டப்பட்டது.

அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். மக்கள் பூங்கா முழுவதும் 116 ஏக்கர். அதில் ஒரு பகுதியில்தான் காட்சிசாலை. வண்டலூரோ தொடக்கத்திலேயே 1,260 ஏக்கர். ஆனால் கிடைத்தது அடர்ந்த காடு அன்று. ஆடு மாடு மேய்ந்தும் விறகு வெட்டியும் தேய்ந்துபோன முட்புதர் நிலம். சுற்றுப்புறச் சிற்றூர் மக்களின் உதவியோடு ஆயிரக்கணக்கில் கன்றுகள் நடப்பட்டன. விலங்குகளுக்கு வீடு கட்டுமுன் காட்டையே மீட்க வேண்டியிருந்தது. காடு தேறத் தேற, அழையாத விருந்தாளிகளும் வந்தனர். பூங்காவினுள் உள்ள ஓட்டேரி ஏரிக்கு வலசைப் பறவைகள் தாமாகவே வந்து இறங்கின.

நாட்டுச் சட்டமும் இதற்குள் மாறியிருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், காட்டில் பிடித்துக் கூண்டை நிரப்பும் பழைய வழி அடைபட்டது. 1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைந்தது. பூங்காக்களுக்கு அதன் ஏற்பு கட்டாயமாயிற்று. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைச் சர்க்கஸில் பழக்கிக் காட்ட 1998இல் தடை வந்தது. சர்க்கஸை விட்டு வந்த விலங்குகளுக்குப் புகலிடம் தர, 2001இல் வண்டலூரில் மேலும் 92 எக்டேர் சேர்க்கப்பட்டது. மொத்தம் இன்று 602 எக்டேர். மீட்கப்பட்ட சர்க்கஸ் சிங்கங்கள் ஆசிய இனமும் ஆப்பிரிக்க இனமும் கலந்தவை. ஆதலால் அவற்றை இனம் பெருக்க விடுவதில்லை. எஞ்சிய நாளை அமைதியாகக் கழிக்க இடம் தருகிறார்கள். கூட்டத்துக்குக் காட்டாமலேயே ஒரு சிங்கத்துக்குச் சோறிடும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம்!

குடும்ப மரம்

காட்டிலிருந்து புதிய விலங்கு வராதபோது, உள்ளிருப்பவற்றைக் கொண்டே தலைமுறைகளை வளர்க்க வேண்டும். இங்கேதான் மரபியல் வேலைக்கு வருகிறது.

உடன்பிறந்த இரு விலங்குகள் இணைந்தால், அவற்றின் குட்டி ஒரே மூதாதையின் ஒரே மரபணுப் படியை இரு வழியிலும் பெறும் வாய்ப்பு 4இல் 1. தாய் தந்தையரின் உடன்பிறப்பு வழி வந்த ஒன்றுவிட்ட உறவில் அது 16இல் 1. இவ்வாய்ப்பு கூடக் கூட, மறைந்து கிடக்கும் ஒடுங்கு பண்புகள் வெளிப்படும், குட்டிகள் நலியும்.

வண்டலூரில் வெள்ளைப் புலியைப் பார்த்து வியக்காதவர் இல்லை. அது தனி இனமன்று. தோலின் செம்மஞ்சள் நிறத்தைத் தரும் மரபணுவில் நேர்ந்த ஒரு மாற்றமே அந்த வெண்மை. 1951இல் மத்திய இந்தியாவின் ரேவா பகுதியில் 'மோகன்' என்ற வெள்ளைக் குட்டி பிடிபட்டது. அதை வளர்த்து, அதன் மகளோடே இணைத்து, 1958இல் வெள்ளைக் குட்டிகளைப் பெற்றனர். உலகக் காட்சிசாலைகளின் வெள்ளைப் புலிகள் பெரும்பாலும் மோகனின் வழியினரே. பார்ப்பவர் கண்ணுக்கு விருந்து. புலி இனத்துக்கு ஆதாயம் இல்லை.

இதற்கு மாறாகச் சிங்கவால் குரங்கைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத குரங்கு இது. தேயிலைத் தோட்டங்களும் சாலைகளும் அக்காடுகளைத் துண்டாடிவிட்டன. இதற்கென வண்டலூரில் இனப்பெருக்கத் திட்டம் நடைபெறுகிறது. எந்தக் குரங்கு எந்தக் குரங்கின் பிள்ளை என்று வழிமுறைப் பதிவேட்டில் எழுதி, உறவு நெருங்காதபடி இணை சேர்க்கின்றனர். கோயில் நிலத்துக்குப் பட்டயம் வைத்திருப்பது போல, ஒவ்வொரு குரங்குக்கும் ஓர் ஏடு!

வேலி தாண்டி வந்த நோய்

அகழியும் காடும் அமைந்தபின் எல்லாத் தொல்லையும் தீர்ந்ததா? 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் கரையைக் கடந்தபோது, பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. முப்பது ஆண்டுகளில் வளர்ந்த நிழல், ஒரே பிற்பகலில் போயிற்று.

2021இல் வந்த இடர் கண்ணுக்குத் தெரியாதது. கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலையின்போது பூங்கா பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் மே மாத இறுதியில் சிங்கங்கள் சில இருமின. உணவில் நாட்டம் இழந்தன. 11 சிங்கங்களில் 9க்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. ஜூன் 3ஆம் நாள் ஒன்பது வயதுப் பெண் சிங்கம் நீலா இறந்தது. அதே மாதம் 16ஆம் நாள் மற்றோர் ஆண் சிங்கமும் மடிந்தது. போபாலில் உள்ள விலங்கு நோய் ஆய்வு நிறுவனம் கிருமியின் மரபுத் தொகுதியைப் படித்தது. அந்நாளில் மனிதரிடையே பரவிய அதே 'டெல்டா' வகைதான் அது!

1942இல், விலங்கு வேலியைத் தாண்டி நம்மைத் தாக்கும் என்று அஞ்சிச் சுட்டோம். 2021இல் மனிதரின் நோய் வேலியைத் தாண்டி விலங்கைத் தாக்கிற்று. இம்முறை துப்பாக்கி வரவில்லை, மருத்துவர்கள் வந்தனர். மருந்தும் தனிமையும் கண்காணிப்பும் கொண்டு மற்றச் சிங்கங்கள் தேறின. இடைப்பட்ட எழுபத்தொன்பது ஆண்டுகளில் உயிர்க் காலேஜில் நாம் கற்ற பாடம் இதுவே.

நீங்கள் செய்யக்கூடியது

அடுத்த முறை வண்டலூர் செல்லும்போது, எல்லாக் கூடங்களையும் ஓட்டமும் நடையுமாகப் பார்த்து முடிக்காதீர்கள். மூன்று விலங்குகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் முன்னும் கைக்கடிகாரத்தோடு பத்து நிமிடம் அமைதியாக நில்லுங்கள். எத்தனை நிமிடம் நடந்தது, எத்தனை நிமிடம் படுத்திருந்தது, ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடந்ததா, நம் பார்வைக்கு ஒளிய இடம் உண்டா என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். பின்னர், தடுப்பு எத்தகையது, அகழியின் சரிவு எந்தப் பக்கம் என்று வரைந்துகொள்ளுங்கள். இரு பருவங்களில் எடுத்த குறிப்புகளை ஒப்பிட்டால், அது ஒரு சிறு ஆராய்ச்சியே ஆகும். கூச்சலிட்டு எழுப்புவதும், தின்பண்டம் எறிவதும் உங்கள் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

விலங்கு மரத்தின் பின்னே மறைந்து, உங்கள் கண்ணில் படாமலே போனால்? ஏமாற்றம் வேண்டா. மறைந்துகொள்ள அதற்கு ஓர் இடம் கிடைக்க நூற்றுமுப்பது ஆண்டுகள் ஆயின என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த விலங்கிடம் செல்லுங்கள்.